வளர்கிற ஆமைக்குத் தோலும் ஓடும் உரிகிறது, இது இயல்பா?

கொக்குவில் தாய் எழுதியது:

வணக்கம். எங்கள் வீட்டில் ஒரு சிவப்புக் காது ஆமை இருக்கிறது. மகனின் பிறந்தநாளுக்கு அவனுடைய சித்தப்பா மீன்தொட்டிக் கடையில் வாங்கிக் கொடுத்தது. வந்தபோது ஓடு முழுக்க இலைப் பச்சை, ஒரு நாணயக் குற்றியை விடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். இப்போது என் உள்ளங்கை அளவுக்கு வளர்ந்துவிட்டது. விறாந்தைக்குப் பக்கத்து அறையில், ஜன்னலோரமாகக் கண்ணாடித் தொட்டியில் வைத்திருக்கிறோம். தண்ணீர் எங்கள் கிணற்றுத் தண்ணீர்தான். நடுவில் ஒரு செங்கல் வைத்திருக்கிறோம், அதில் ஏறி இருக்கும். ஜன்னலால் காலை வெயில் நன்றாக விழும்.

கொஞ்ச நாளாகக் கழுத்திலும் பின்காலின் இடுக்கிலும் மெல்லிய தோல் கிழிந்து தொங்குகிறது. நீந்தும்போது அது பின்னாலேயே அலைந்துகொண்டு வருகிறது. ஃபில்டர் பஞ்சைக் கழுவினால் அதிலும் இதே தோல்தான். அதைவிட எனக்குப் பயம் தருவது ஓடு. முதுகின் நடுவில் இரண்டு கட்டங்கள் மங்கி, உள்ளே காற்றுப் புகுந்த மாதிரி வெள்ளியாக மினுங்குகின்றன. நேற்று அதில் ஒன்று கழன்று தண்ணீரில் மிதந்தது! கட்டங்களுக்கு நடுவே வெளிறிய கோடுகளும் தெரிகின்றன. செங்கல்லில் ஏறிக் காய்ந்ததும் ஓடு முழுக்க வெள்ளை பூத்துவிடுகிறது. பழைய பச்சை நிறமும் போய்க்கொண்டிருக்கிறது.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. கடையில் விற்கும் பெல்லட், சில நாளில் கூனி இறால். கையைக் கண்டால் ஓடி வரும்.

இணையத்தில் தேடினால் ஓரிடத்தில் ‘ஆமையின் ஓடு ஒருபோதும் கழலாது, கழன்றால் நோய்’ என்று இருக்கிறது. இன்னோரிடத்தில் இயல்பு என்கிறார்கள். ‘ஆமை புகுந்த வீடு’ என்று மாமி வேறு ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறா. இதைப் பார்த்ததும் கோயில் கேணியில் கொண்டுபோய் விடச் சொல்கிறா. மகன் சாப்பிடாமல் அழுகிறான். தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

சுன்னாகம் தோட்டக்காரர் எழுதியது:

பிள்ளை, பயப்படாதேங்கோ. மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து ஓட்டில் பூசுங்கோ. மாட்டுக்குப் புண் வந்தால் நாங்கள் அதுதான் செய்கிறது. தொங்குகிற தோலை மெதுவாகக் கையால் எடுத்துவிட்டால் ஆமைக்கும் சுகமாக இருக்கும்.

மானிப்பாய் தொட்டிக்காரன் எழுதியது:

தங்கச்சி, எண்ணெய், மஞ்சள் ஒன்றும் பூச வேண்டாம். தோலையும் இழுக்க வேண்டாம். ஐயா நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் மாட்டுத் தோலுக்கு ஏற்றது தண்ணீரில் வாழ்கிற ஆமைக்கு ஏறாது. எண்ணெய் ஓட்டில் படிந்தால் ஊத்தையையும் கிருமியையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

நீங்கள் எழுதியதில் நோய் என்று சொல்ல ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. வளர்கிற ஆமை, அவ்வளவுதான். ஆனாலும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேணும். தோல், கழன்ற தகடு, வெளிறிய கோடு, வெள்ளைப் பூச்சு எல்லாவற்றையும் நீங்கள் ஒரே வருத்தமாக நினைத்துவிட்டீர்கள். அவை வேறு வேறு. அதில் ஒன்று ஆமையோடு சேர்ந்ததே இல்லை, உங்கள் கிணற்றோடு சேர்ந்தது.

தோலை முதலில் முடித்துவிடுவோம். கழுத்து, கால், வால் இடுக்கில் இருக்கிற தோல் சின்னச் சின்னத் துண்டாக வருடம் முழுக்க உரியும். பாம்பு உரிப்பது போல ஒரேயடியாக வராது. வேகமாக வளர்கிற வயதில் கூடுதலாக உரியும். தண்ணீருக்குள் பார்த்தால் நிறைய இருப்பது போல் தெரியும், வெளியே எடுத்தால் ஒன்றுமே இருக்காது. கீழே இருக்கிற தோல் முழுசாக, வழமையான கோடுகளோடு இருக்கிறதா? அப்படியென்றால் விட்டுவிடுங்கள். தொங்குகிற துண்டு இன்னும் ஒரு முனையில் உயிருள்ள தோலோடு ஒட்டியிருக்கும். இழுத்தால் அந்த முனையில் கிழிந்து, புண்ணாகி, அதற்குப் பிறகுதான் உண்மையான வருத்தம் வரும்.

இனி ஓடு. உங்களைப் பயப்படுத்தியது அதுதானே. ஆமையின் ஓடு இரண்டு படை. உள்ளே இருப்பது எலும்பு. முதுகெலும்பும் விலா எலும்பும் சேர்ந்து இறுகியது. அதன் மேல் எங்கள் நகம் ஆக்கப்பட்ட அதே கெரட்டின் பொருளால் ஆன தகடுகள் மூடியிருக்கின்றன. நீங்கள் கட்டம் என்று சொன்னது அந்தத் தகட்டைத்தான். முதுகின் நடுவில் 5, அதற்கு இரண்டு பக்கமும் நாலு நாலாக 8, பிறகு விளிம்பைச் சுற்றிச் சின்னச் சின்னதாக. எலும்பு பெருக்கும்போது பழைய தகடு போதாமல் போகும். அதற்குக் கீழே கொஞ்சம் பெரிய புதுத் தகடு உருவாகிவிடும். அப்போது பழையது விளிம்பில் கிளம்பி, இடையில் காற்றுப் புகுந்து, நீங்கள் கண்டது போல வெள்ளியாக மினுங்கும். ஆமை வெயிலில் காய்ந்து, திரும்பத் தண்ணீரில் இறங்கி, இப்படி நனைந்து காய்ந்து ஒரு நாள் அது தானாகக் கழன்றுவிடும்.

கழன்ற தகட்டை எறிந்துவிட்டீர்களா? இருந்தால் எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வெங்காயத்தின் மேல் சருகு மாதிரி மெல்லியதாக, அந்தப் பக்கம் தெரிகிற மாதிரி இருக்க வேணும். ஓரத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக நெருங்கிய வரைகள் தெரியும். ஆமையின் முதுகில் இருந்த கோலத்தின் சாயலும் மங்கலாகத் தெரியும். அப்படி முழுத் தகடாக, மெல்லியதாக, மணம் இல்லாமல் வந்தால் அது வளர்ச்சிதான். அது கழன்ற இடத்தையும் பாருங்கள். கடினமாக, பக்கத்துத் தகடுகளை விடத் துலக்கமான நிறத்தோடு இருக்க வேணும். தடித்து, துண்டு துண்டாக உடைந்து, கீழே எலும்பு வெள்ளையாகத் தெரிந்தால் அது வேறு கதை.

கட்டங்களுக்கு நடுவே வெளிறிய கோடு நல்ல அடையாளம். அந்த இடத்தில்தான் புதிய கெரட்டின் உருவாகிறது. மெல்லியதாக, ஓட்டின் மட்டத்திலேயே இருந்தால் போதும். பள்ளமாகிச் சிவந்தால்தான் யோசிக்க வேணும். பச்சை போவதும் இயல்பு. இந்த இனத்தில் குஞ்சுக்குத்தான் அந்தப் பளிச்சென்ற பச்சை. வளர வளர ஒலிவ் பச்சையாகி மண்ணிறத்துக்குப் போகும். ஆண் என்றால் வயது போகப் போக உடம்பே கறுத்துவிடுவதும் உண்டு. என்னிடம் இருக்கிற மூத்த ஆணுக்குக் காதோரச் சிவப்பைக்கூட இப்போது தேடித்தான் பார்க்க வேணும், ஆனால் அவனுக்கு ஒரு குறையும் இல்லை.

சரி, காய்ந்ததும் பூக்கிற வெள்ளை. இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். எங்கள் ஊரில் ஆமை வளர்க்கிறவர்கள் பலரும் இதைப் பார்த்துவிட்டுத்தான் பூஞ்சை மருந்தைத் தேடி ஓடுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. எங்களுக்கு வருவது சுண்ணாம்புக்கல்லில் தேங்கி நிற்கிற நிலத்தடி நீர். அதில் கல்சியம் நிறைய. குசினியில் கேத்திலின் அடியைப் பாருங்கள், வெள்ளையாகக் கட்டி பிடித்திருக்கும். அதே சுண்ணாம்புதான் ஆமை வெயிலில் காயும்போது ஓட்டில் படிகிறது. ஈர விரலால் அந்த இடத்தைத் தடவுங்கள். ஈரத்தில் மறைந்து, காய்ந்ததும் திரும்ப வந்தால் சுண்ணாம்பு. காற்றுப் புகுந்த தகடு தண்ணீருக்குள்ளும் மினுங்கும், ஆனால் மேலே வழுவழுப்பாக இருக்கும். பூஞ்சை தண்ணீருக்குள்தான் நன்றாகத் தெரியும். நார் நாராக எழும்பி நிற்கும். ஓடு அழுகல் என்றால் நனைத்தாலும் மறையாது, நகத்துக்குப் பள்ளம் தட்டுப்படும்.

சுண்ணாம்பு ஆமைக்குக் கெடுதல் செய்யாது. ஆனால் படை படையாகத் தடித்தால் கீழே என்ன நடக்கிறது என்று தெரியாமல் போய்விடும். உரிகிற தகடு எல்லாம் கழன்று முடிந்த பிறகு, வினாகிரியில் அதே அளவு தண்ணீர் கலந்து, துணியில் நனைத்து ஓட்டை மட்டும் துடைத்து, உடனே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கண், வாய், தோலில் பட வேண்டாம். தகடு கிளம்பியிருக்கும்போது செய்தால் அதற்கடியில் போய்விடும், அதனால் பொறுத்திருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாளி வைத்துப் பிடித்த தண்ணீரைக் கிணற்றுத் தண்ணீரோடு கலந்தால் படிவது குறையும். நான் மாரி முழுக்க அதைத்தான் செய்கிறேன்.

இரண்டு விஷயம் மட்டும் மாற்ற வேணும். ஜன்னலால் வெயில் விழுகிறது என்றீர்கள். கண்ணாடி வெளிச்சத்தையும் சூட்டையும் விடும். ஆமைக்கு வேண்டிய புற ஊதாக் கதிரை, யூவீபி என்பார்களே, அதை விடாது. அந்தக் கதிர் நேரே தோலில் பட்டால்தான் உடம்பு வைற்றமின் டி3 ஆக்கும். அது இல்லாமல் தின்கிற கல்சியம் எலும்பில் சேராது, வளர்கிற வயதில் ஓடு மெத்தென்று போய்விடும். காலை வெயிலில் வெளியே ஒரு பெரிய பேசினில் விடுங்கள். பாதிப் பக்கத்தைக் கிடுகால் மறைத்து நிழல் ஆக்குங்கள். ஆழமில்லாத தண்ணீர் எங்கள் வெயிலில் சீக்கிரம் கொதித்துவிடும், நிழல் இல்லாவிட்டால் உயிரே போய்விடலாம். காகம், நாய், கீரி எல்லாம் இருக்கிறது, அதனால் யாராவது பக்கத்தில் இருங்கள்.

மற்றது அந்தச் செங்கல். சொரசொரப்பு அடிவயிற்று ஓட்டைத் தேய்க்கும். இழைத்த பலகை ஒன்றைச் சாய்வாக வைத்து, ஆமை முழுசாகத் தண்ணீரை விட்டு ஏறிக் காய்கிற மாதிரி செய்யுங்கள். பனை மட்டை வைக்கிறவர்களையும் கண்டிருக்கிறேன். வேண்டாம், கருக்கு அறுத்துவிடும். முழுசாகக் காய இடம் இல்லாத ஆமைக்குப் பழைய தகடு கழலாமல் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, அதற்கிடையில் ஈரம் தங்கி, அங்கேதான் அழுகல் தொடங்கும்.

இன்று பின்னேரம் ஆமையைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஓட்டின் விளிம்பை விரலால் மெதுவாக அமத்திப் பாருங்கள், கடினமா? மூக்குக்குக் கிட்டப் பிடியுங்கள், நாற்றம் உண்டா? அடிவயிற்று ஓட்டில் சிவப்புப் படர்ந்திருக்கிறதா? கண் வீங்கி மூடியிருக்கிறதா? தண்ணீரில் ஒரு பக்கம் சரிந்து மிதக்கிறதா? பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கொக்குவில் தாய் எழுதியது:

அண்ணா, மிக்க நன்றி. நான் கேட்டது கொஞ்சம், நீங்கள் எழுதியது எவ்வளவு!

மகனும் நானுமாகப் பார்த்தோம். விளிம்பு எல்லாம் கடினம். நாற்றம் இல்லை, தொட்டித் தண்ணீர் மணம்தான். அடிவயிறு மஞ்சள், கறுப்புப் பொட்டுகள், சிவப்பு இல்லை. கண் தெளிவு. ஈர விரலால் தடவியதும் வெள்ளை போய்விட்டது, விசிறிக்குக் கீழே கொஞ்ச நேரம் வைத்ததும் திரும்ப வந்தது. கேத்திலையும் மகன் எடுத்துக்கொண்டு வந்து காட்டினான். கழன்ற தகட்டை அவன் கொப்பிக்குள் வைத்திருக்கிறான், நீங்கள் சொன்ன வரைகள் அப்படியே தெரிகின்றன. எண்ணி வயது கண்டுபிடிக்கலாமா என்று கேட்கிறான்.

இன்னும் ஒன்று. ‘ஓடு கழலவே கழலாது’ என்று எழுதியவர்கள் பொய்யா சொன்னார்கள்?

லண்டன் கோண்டாவிலான் எழுதியது:

அவர்கள் பொய் சொல்லவில்லை அக்கா, தரை ஆமையைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். நான் இங்கே ஹெர்மன் ஆமை ஒன்று வளர்க்கிறேன், சான்றிதழோடு வாங்கியது. தரையில் வாழ்கிற இனங்களுக்குத் தகடு கழலாது. பழைய தகடு அப்படியே இருக்க, அதன் விளிம்பில் புது வளையம் சேர்ந்துகொண்டே போகும். அதனால்தான் முதுகில் வரிவரியாக மேடு தெரிகிறது. அதற்குத் தகடு கழன்றால் நானும் உடனே வைத்தியரிடம் ஓடுவேன். கழுத்து, கால் தோல் அதற்கும் உரியும், ஆனால் காய்ந்த சின்னச் செதிலாக உதிரும், தொங்காது. உரிகிற நாட்களில் கழுத்தளவுக்கு மேல் போகாத இளஞ்சூட்டுத் தண்ணீரில் கொஞ்ச நேரம் விட்டால் சுகம்.

தரை ஆமையில் இயல்பில்லாதது, ஒவ்வொரு தகடும் கூர்ங்கோபுரமாக எழும்புவது. முன்பு புரதம் கூடினால் அப்படி வரும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். 2003இல் வியன்னாவில் ஆப்பிரிக்க ஆமைக் குஞ்சுகளில் செய்த ஆய்வில், காற்றில் ஈரப்பதம் குறைவதுதான் பெரிய காரணம் என்று கண்டார்கள். உங்களுடையது தண்ணீர் ஆமை, அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம்.

வளையத்தை எண்ணி வயது சொல்ல முடியாது என்று தம்பியிடம் சொல்லுங்கள். நன்றாகச் சாப்பிட்ட வருடத்தில் ஒன்றுக்கு மேலும் வரும், சாப்பாடு குறைந்தால் வராமலும் போகும்.

சுன்னாகம் தோட்டக்காரர் எழுதியது:

விளங்கிக்கொண்டேன் தம்பி, பூச வேண்டாம். ஊரில் கிணற்றுக்குள்ளே ஆமை விடுகிற வழக்கம் இருக்கே. கேணி வேண்டாமென்றால் இவர்கள் தங்கள் கிணற்றில் விடலாம்தானே? வன்னியில் பொட்டுப் பொட்டாக மஞ்சள் கோலம் போட்ட ஆமை கண்டிருக்கிறேன், அதையும் பிள்ளைகள் வளர்க்க ஆசைப்படுகிறார்கள்.

மானிப்பாய் தொட்டிக்காரன் எழுதியது:

ஐயா, கிணற்றில் விடவே வேண்டாம். இவ்வளவு நேரம் நாங்கள் கதைத்ததே அதுதான். கிணற்றில் ஏறிக் காய இடம் இல்லை, நேர் வெயில் ஒரு நாளில் கொஞ்ச நேரம்கூட விழாது. அந்த ஆமைக்குத் தகடு எங்கே ஒழுங்காகக் கழலும், ஓடு எங்கே இறுகும்? குடிக்கிற தண்ணீருக்கும் அது நல்லதல்ல.

கேணியும் வேண்டாம், குளமும் வேண்டாம். இது அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்து இனம். உலகின் மிக மோசமான 100 ஊடுருவும் இனங்களின் பட்டியலில், இயற்கைப் பாதுகாப்புக்கான உலக அமைப்பான ஐயூசீஎன் இதையும் சேர்த்திருக்கிறது. எங்கள் குளங்களில் பாலாமையும் காராமையும் ஏற்கனவே இருக்கின்றன. வெயில் காய்கிற இடத்துக்கும் தீனுக்கும் இது அவற்றோடு போட்டி போடும். விற்கும்போது இதைச் சொல்லாமல், ‘சின்னதாகவே இருக்கும்’ என்று சொல்லி விற்கிறார்களே, அதுதான் எனக்குத் தாங்க முடியாத கோபம். பெண் என்றால் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளரும். 20, 30 வருடம் இருக்கும். தங்கச்சி, மாமிக்கு இதைச் சொல்லுங்கள். விட்டுவிடுவது புண்ணியம் அல்ல.

வன்னியில் நீங்கள் கண்டது நட்சத்திர ஆமை. அது எங்கள் நாட்டுச் சொத்து, வன விலங்குச் சட்டம் பாதுகாக்கிறது, பிடிக்கவோ வீட்டில் வைக்கவோ கூடாது. களவாகக் கடத்துவது அவ்வளவு பெருகி, 2019இல், காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்துகிற சைட்டிஸ் உடன்படிக்கையில், மிகக் கடுமையான முதலாம் பட்டியலுக்கே ஏற்றிவிட்டார்கள். காட்டில் கண்டால் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட வேணும்.

தங்கச்சி, நீங்கள் பார்த்து எழுதியதெல்லாம் நல்ல சுகம். மகன் தகட்டைக் கொப்பிக்குள் வைக்க முதல் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் காய வைத்தானா? இல்லாவிட்டால் இப்போது செய்யச் சொல்லுங்கள். எவ்வளவு சுகமான ஆமையிலும், மனிதருக்கு வயிற்றோட்டம் தருகிற சல்மொனெல்லா கிருமி இருக்கலாம். இதற்காகவே அமெரிக்காவில் 1975இல் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்பதைத் தடை செய்தார்கள். தொட்ட பிறகு கை கழுவ வேணும், ஃபில்டர் பஞ்சைக் குசினிக் குழாயில் கழுவக் கூடாது.

சாப்பாட்டில் கூனியைக் குறையுங்கள், உப்புப் போட்டது என்றால் அறவே வேண்டாம். பொன்னாங்காணி, சீவின கரட் கொஞ்சம் பெல்லட்டோடு பழக்குங்கள். வைற்றமின் ஏ குறைந்தால் கண் வீங்கும், தோலும் கெடும். அதற்காகக் கடையில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றாதீர்கள். அந்த வைற்றமின் கூடினாலும் தோல் படையாகக் கழன்று, கீழே சிவந்த தசை தெரியும். தோல் உரிந்த இடம் ஈரமாகச் சிவந்திருந்தால் நாள் கடத்தாமல் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். ஆமை பார்த்துப் பழகியவர் கிட்டடியில் இல்லையென்றால் படத்தை எடுத்துக்கொண்டு போங்கள். பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் வைத்தியசாலைக்குக் கேட்டு அறியும்படி உங்கள் வைத்தியரிடமே சொல்லலாம்.

கல்சியத்துக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. மீன் சந்தையில் கணவாய் வெட்டுகிறவரிடம் ஓட்டைக் கேளுங்கள், சும்மா தருவார். ஒரு கிழமை நல்ல தண்ணீரில் ஊறவிட்டு, தினமும் தண்ணீரை மாற்றி, உப்புப் போன பிறகு வெயிலில் காய வையுங்கள். பின்பக்கத்துக் கடினமான தோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, மெதுவான வெள்ளைப் பக்கத்தைச் சின்னத் துண்டாகத் தொட்டியில் மிதக்க விட்டால் அது தனக்கு வேண்டிய அளவு கடித்துக்கொள்ளும்.

கொக்குவில் தாய் எழுதியது:

தகடு கழுவிக் காய்கிறது அண்ணா. பலகைக்கு ஆசாரியாரிடம் சொல்லியாயிற்று. கணவாய் ஓட்டுக்கு நாளைக்கு இவர் பக்கத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போகிறார். மாமிக்கு நீங்கள் எழுதியதை முழுக்க வாசித்துக் காட்டினேன். கேணியில் விடு என்கிற கதையை விட்டுவிட்டு, பேசினுக்கு நிழல் போட இரண்டு கிடுகு எடுத்துத் தந்திருக்கிறா.